கிரீன் டீயைத் தரம் பிரிப்பது எப்படி? இலையின் வேதியியல் முதல் உடல்நலன் வரை, பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் எந்தப் பெரிய மளிகைக் கடைக்குள் போனாலும் கிரீன் டீக்கென்று தனி அடுக்கு இருக்கிறது. டீ பேக், நீலகிரி உதிரி இலை, காங்க்ரா இலை, ஜப்பானிய சென்சா, மாட்சா பொடி, துளசி கலந்தது, எலுமிச்சை மணம் ஏற்றியது என்று வரிசை நீள்கிறது. ஏறக்குறைய எல்லா அட்டையிலும் ‘ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது’ என்ற வரி தவறாமல் இருக்கும். விலை மட்டும் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். இதில் எது நல்ல டீ என்று அல்சூரிலும் மல்லேஸ்வரத்திலும் இருக்கும் நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், எதற்காகக் குடிக்கப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

காரணம் இருக்கிறது. கிரீன் டீக்கு நல்ல சுவையைத் தருவது தியனைன் என்ற ஒரு பொருள். மருத்துவ ஆய்வுகள் பெரும்பாலும் பேசுவது கேட்டச்சின் என்ற வேறொரு பொருளைப் பற்றி. செடிக்குள் ஒன்று கூடினால் மற்றது பெரும்பாலும் குறையும். ஆகவே விலை உயர்ந்த டீயில்தான் ‘சத்து’ அதிகம் என்று நினைப்பதற்கு அடிப்படையே இல்லை. பல நேரங்களில் நிலைமை நேர்மாறாக இருக்கும். இந்த ஒன்று புரிந்துவிட்டால் மீதியெல்லாம் நாக்கும் மூக்கும் ஒரு சின்னத் தராசும் கொண்டு வீட்டிலேயே செய்யக்கூடியவை.

படி 1: இலைக்குள் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

கறுப்பு டீயும் கிரீன் டீயும் ஒரே செடியின் கொழுந்துதான். கொழுந்தைப் பறித்துக் கசக்கிக் காற்றில் விட்டால் அதிலுள்ள நொதி வேலை செய்து இலை செம்பழுப்பாகிறது. அது கறுப்பு டீ. பறித்த கையோடு சூடு காட்டி அந்த நொதியைச் செயலிழக்கச் செய்தால் பச்சை பச்சையாகவே நிற்கும். ஜப்பானில் இதை ஆவியில் செய்கிறார்கள், சீனாவில் பெரும்பாலும் சூடான சட்டியில் வறுக்கிறார்கள். இந்தச் சூட்டால்தான் கிரீன் டீயில் கேட்டச்சின்கள் அழியாமல் தங்குகின்றன.

கேட்டச்சின் என்பது ஒரு குடும்பம். அதில் முக்கியமானவர்கள் நால்வர். அவர்களில் மூத்தவர் எபிகேலோகேட்டச்சின் கேலேட், சுருக்கமாக இ.ஜி.சி.ஜி. மொத்தக் கேட்டச்சினில் ஏறக்குறைய பாதி இதுதான். கசப்பும் துவர்ப்பும் இதிலிருந்தே வருகின்றன. ஜப்பானிய வேதியியலாளர் மிச்சியோ சுஜிமுரா 1929-ல் கிரீன் டீயிலிருந்து கேட்டச்சினைப் பிரித்தெடுத்தார். ஜப்பானில் வேளாண் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். கிரீன் டீயில் வைட்டமின் சி இருப்பதை 1924-லேயே சக ஆய்வாளரோடு சேர்ந்து கண்டறிந்தவரும் அவரே.

அடுத்தது தியனைன். இது ஓர் அமினோ அமிலம். காய்ந்த இலையில் சாதாரணமாக ஒன்று முதல் இரண்டு சதவீதம் இருக்கும். நல்ல கிரீன் டீயைக் குடித்ததும் நாக்கின் மேல் படரும் மெல்லிய இனிப்பும், குழம்பின் சாறு போன்ற நிறைவும் இதன் வேலை. தியனைன் வேரில் உருவாகி, தண்டு வழியாகக் கொழுந்துக்கு ஏறுகிறது. வெயில் பட்டால் அங்கே உடைந்து, அதன் ஒரு பகுதி கேட்டச்சினாக மாறிவிடுகிறது. அதனால்தான் ஜப்பானில் கியோகுரோ என்ற உயர்ரக இலைக்கும் மாட்சாவுக்கும் விளைவிக்கும் செடிகளைப் பறிப்புக்கு முன் மூன்று வாரம் போலப் பந்தல் போட்டு மறைக்கிறார்கள். நிழலில் தியனைன் அப்படியே தங்கும், கேட்டச்சின் அதிகம் ஏறாது. விலை பல மடங்கு ஏறும். கொளுத்தும் வெயிலில் வளர்ந்த கோடைக்கால இலை இதற்கு நேர் எதிர். கேட்டச்சின் மிகுதி, கசப்பு மிகுதி, விலை மலிவு.

மூன்றாவது கஃபைன். காய்ந்த இலையில் இரண்டு முதல் நான்கு சதவீதம் இருக்கும். மொட்டிலும் இளங்கொழுந்திலும் அதிகம். ஆகவே ‘மென்மையான’ டீ என்றால் கஃபைன் குறைவு என்று எண்ண வேண்டாம்.

நான்காவது பச்சையம். இது ஊட்டத்துக்காக முக்கியமில்லை, டீயின் வயதைக் காட்டிக்கொடுப்பதால் முக்கியம். சூடும் ஈரமும் காலமும் சேர்ந்தால் பச்சையத்தின் நடுவிலுள்ள மெக்னீசியம் கழன்று, இலை மங்கிய ஆலிவ் பழுப்புக்கு மாறும். நிறம் மாறிய இலையில் கேட்டச்சினும் வைட்டமின் சியும் குறையத் தொடங்கியிருக்கும் என்று கொள்ளலாம்.

படி 2: உங்கள் அளவுகோலை முடிவு செய்யுங்கள்

சுவைக்காகக் குடிப்பவர்கள் தியனைன் மிகுந்த, கசப்பு குறைந்த இலையைத் தேட வேண்டும். முதல் பறிப்பு, குளிர்கால அல்லது வசந்தகாலக் கொழுந்து, நிழலில் வளர்ந்தது ஆகியவை இந்த வகை. சீனாவில் பாலிஃபீனாலை (கேட்டச்சின்கள் அடங்கிய பெரிய குடும்பம்) அமினோ அமிலத்தால் வகுத்து வரும் விகிதத்தைக் கிரீன் டீக்கு ஓர் அளவாகவே பார்க்கிறார்கள். அது சிறியதாக இருந்தால் டீ மென்மையாக இருக்கும்.

கேட்டச்சினுக்காகக் குடிப்பவர்களுக்கு ஆயிரக்கணக்கில் விலை கொடுக்கும் தேவையே இல்லை. நம் நீலகிரி இலையில் பெரும்பகுதி அஸ்ஸாம் வகைச் செடிகளின் கலப்பு. அந்த வகைக்கு இயல்பாகவே கேட்டச்சின் அதிகம். காங்க்ராவிலும் டார்ஜிலிங்கிலும் சீன வகைச் செடிகள் அதிகம், அவற்றின் சுவை மென்மையானது. எனவே குன்னூர்ப் பக்கத்திலிருந்து ஏழெட்டு மணி நேரப் பயணத்தில் பெங்களூருக்கு வந்து சேரும் புதிய நீலகிரி கிரீன் டீ, கடல் தாண்டி வந்து அலமாரியில் ஓராண்டு கிடந்த சென்சாவைக் கேட்டச்சின் கணக்கில் வெல்வதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. எந்த அளவுகோலை எடுத்தாலும் ஒரு நிபந்தனை பொது: இலை புதியதாக இருக்க வேண்டும்.

படி 3: அட்டையைப் படியுங்கள்

பெரிய எழுத்துகளை விட்டுவிட்டுச் சின்ன எழுத்துகளுக்குப் போங்கள். முதலில் பொதி செய்த தேதி. காலாவதித் தேதி நமக்கு அவ்வளவாக உதவாது. இரண்டு வருடக் கெடு போட்டிருப்பார்கள், கிரீன் டீயின் நல்ல பருவம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்டதை மட்டும் எடுங்கள். பறித்த மாதமோ பருவமோ தனியாகப் போட்டிருந்தால் அந்த வியாபாரிக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுங்கள். நீலகிரியில் ஆண்டு முழுவதும் பறிப்பு நடந்தாலும், டிசம்பர் முதல் மார்ச் வரையிலான குளிர் மாதங்களில் செடி மெதுவாக வளர்வதால் அப்போது வரும் இலைக்குத் தனி மணம் உண்டு.

இரண்டாவது, சேர்மானப் பட்டியல். துளசி, இஞ்சி, தேன் மணம், எலுமிச்சை மணம் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் கிரீன் டீ எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எழுபது சதவீதம்தான் இலை என்றால் கேட்டச்சினும் அந்த அளவுக்குக் குறையும். தவிர, தூக்கலான மணம் பழைய இலையின் வாடையை மூடி மறைத்துவிடும். தரம் பார்க்க வேண்டுமானால் மணம் சேர்க்காத இலையை மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எடை. டீ பேக் ஒன்றில் 1.3 கிராம் முதல் 2 கிராம் வரைதான் இருக்கும். 1.3 கிராம் வீதம் 25 பை கொண்ட பெட்டி 150 ரூபாய் என்றால், 32.5 கிராம் இலைக்கு அந்த விலை. 100 கிராமுக்கு 460 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அந்தப் பணத்துக்கு நல்ல முழு இலையே வாங்கிவிடலாம். பைக்குள் இருப்பது பெரும்பாலும் நொறுங்கிய துகள். பரப்பு அதிகமானதால் சட்டென்று இறங்கும், அதே காரணத்தால் சட்டென்று பழசாகவும் ஆகும்.

யங் ஹைசன், ஹைசன், கன்பவுடர், சௌமி என்ற பெயர்கள் உதிரி டீயின் மேல் இருக்கலாம். இவை இலையின் அளவையும் உருட்டிய வடிவத்தையும் சொல்லும் வணிகப் பெயர்கள். நீளமாக முறுக்கியது, குண்டாகச் சுருட்டியது என்ற விவரத்துக்கு மேல் இவற்றிலிருந்து வேதியியல் எதையும் ஊகிக்க முடியாது. நல்ல கன்பவுடரும் உண்டு, மட்டமானதும் உண்டு.

கொஞ்சம் பெரிய அளவில் வாங்குகிறவர்கள், அலுவலகத்துக்கோ கடைக்கோ எடுப்பவர்கள், பரிசோதனை அறிக்கை கேட்கத் தயங்க வேண்டாம். கிரீன் டீக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 11287. அதன்படி மொத்தக் கேட்டச்சின் குறைந்தது 7 சதவீதம், மொத்தப் பாலிஃபீனால் குறைந்தது 11 சதவீதம், நீரில் கரையும் பகுதி குறைந்தது 32 சதவீதம் இருக்க வேண்டும். நார்ச்சத்து 16.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த நார்ச்சத்து எண்ணை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு அதுதான் பிடித்தமான எண். முற்றிய இலையும் காம்பும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை அது பட்டென்று சொல்லிவிடும். ‘இரண்டு இலை ஒரு மொட்டு’ என்று கையால் பறித்ததற்கும், கத்தரிக்கோல் வைத்து வாரியதற்கும் உள்ள வேறுபாடு அதில் தெரியும். அறிக்கையில் ‘மொத்தப் பாலிஃபீனால்’ மட்டும் போட்டிருந்தால் போதாது. கேட்டச்சின்களைத் தனித்தனியாக அளக்கும் எச்.பி.எல்.சி. முறையில் எடுத்த எண் வேண்டும். நல்ல டீயில் மொத்தக் கேட்டச்சின் 10 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும்.

படி 4: காய்ந்த இலையைப் பாருங்கள்

வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி இலையைப் பரப்பி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே சீரான அளவு, உயிருள்ள பச்சை அல்லது சாம்பல் கலந்த பச்சை, கொஞ்சம் வெள்ளி மொட்டு ஆகியவை நல்ல அறிகுறிகள். வறுத்த வகை ஆவியில் வெந்த வகையைவிடச் சற்று மஞ்சளோடி இருக்கும், அது குறையாகாது. தட்டையான மஞ்சள் இலை, சிவந்த காம்பு, அடியில் தூசி ஆகியவை இருந்தால் முற்றிய இலையும் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இலையைக் கையில் எடுத்து மூச்சுக்காற்றால் லேசாகச் சூடாக்கி முகருங்கள். புதிய இலையில் புல், அவித்த பச்சைப்பயறு, வறுத்த கடலை, சில நேரம் பூ போன்ற மணம் வரும். பழைய அட்டைப்பெட்டி, வைக்கோல், நாள்பட்ட எண்ணெய் வாடை வந்தால் இலையின் கொழுப்புப் பொருள்கள் கெட்டுவிட்டன என்று பொருள். அந்த டீயைப் பற்றி மேலே ஆராய வேண்டிய அவசியமில்லை.

பச்சை கண்ணைப் பறிக்கும் அளவுக்கு இருந்தால் செயற்கை நிறம் இருக்குமோ என்று பார்க்கலாம். ஈரமான வெள்ளைத் தாளில் சில இலைகளைத் தூவி ஐந்து நிமிடம் விடுங்கள். சாயமிட்ட இலை உடனே திட்டுத் திட்டாக நிறம் விடும். உண்மையான பச்சையம் தண்ணீரில் கரையாது. இந்தியாவில் டீக்குச் செயற்கை நிறம் சேர்க்க அனுமதி இல்லை.

படி 5: தண்ணீரைச் சரிசெய்யுங்கள்

பெங்களூரில் பல நல்ல டீகள் தண்ணீரால்தான் வீணாகின்றன. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் ஏறி வரும் காவிரித் தண்ணீர் ஒரு வகை. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலைப் பக்கத்து அடுக்ககங்களில் வரும் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் முற்றிலும் வேறு வகை. குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாதபோது 600 வரை விடுகிறார்கள். பல போர்வெல்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன.

கால்சியம் மிகுந்த தண்ணீரில் கேட்டச்சின் சரியாக இறங்காது. காரத்தன்மை அதிகமானால் இறங்கியதும் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைந்து, கோப்பை பத்து நிமிடத்தில் பழுப்பாகும், மேலே ஆடை படியும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஒரே கிரீன் டீயைக் குழாய்த் தண்ணீரிலும், தாது குறைந்த பாட்டில் தண்ணீரிலும், தாது நீக்கிய தண்ணீரிலும் ஊறவைத்துப் பார்த்தார்கள். தூய தண்ணீரில் இ.ஜி.சி.ஜி. ஏறக்குறைய இரு மடங்கு இறங்கியது. ஆனால் சுவைத்தவர்களுக்குப் பிடித்தது குழாய்த் தண்ணீர் டீதான், கசப்பு குறைவாக இருந்ததால். சுவையும் கேட்டச்சினும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதை ஒரே கோப்பையில் காட்டும் ஆய்வு இது.

எனவே தரம் பார்ப்பதற்கு எப்போதும் ஒரே தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. தண்ணீர் போதும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் 50-க்கும் 150-க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் போர்வெல் தண்ணீர் மட்டுமே என்றால், டீக்கு மட்டும் பெரிய கேன் தண்ணீரை எடுத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்த தண்ணீரை ஒரு டபராவுக்கு மாற்றினால் ஏறக்குறைய 10 டிகிரி குறையும். இன்னொரு முறை மாற்றினால் 80-க்குப் பக்கத்தில் வந்துவிடும். வெப்பமானி இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு போதும்.

படி 6: ஒரே மாதிரி ஊறவைத்து, ஒப்பிட்டுச் சுவையுங்கள்

தேயிலைச் சுவைஞர்கள் பயன்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 3103 முறையில் 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். அப்படிச் செய்த டீ வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கடுமையாக இருக்கும். குறையை வெளிக்கொண்டுவருவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு நான் சொல்வது இரண்டு கோப்பை முறை. ஒவ்வொரு டீயையும் இரண்டு விதமாகப் போடுங்கள்: 2 கிராம் இலை, 150 மில்லி தண்ணீர், ஒன்றுக்கு 70 டிகிரியில் 2 நிமிடம், இன்னொன்றுக்குக் கொதித்த தண்ணீரில் 5 நிமிடம். தியனைன் மிதமான சூட்டிலேயே கரைந்துவிடும். இ.ஜி.சி.ஜி.யும் கஃபைனும் 80 டிகிரிக்கு மேல்தான் தாராளமாக இறங்கும். ஆகவே முதல் கோப்பையில் தியனைனின் முகம் தெரியும், இரண்டாவதில் கேட்டச்சினின் முகம். இரண்டு மூன்று டீயை அருகருகே வைத்துச் செய்தால்தான் வேறுபாடு பிடிபடும். ஒன்றை மட்டும் தனியாகக் குடித்துத் தீர்ப்பு சொல்வது கடினம்.

சுவைக்கும்போது கசப்பையும் துவர்ப்பையும் பிரித்துப் பாருங்கள். கசப்பு பாகற்காயைப் போல நாக்கின் பின்பக்கம் நிற்கும், துவர்ப்பு வாழைப்பூவைக் கடித்ததுபோல வாய் முழுவதையும் இறுக்கும். கேட்டச்சின் எச்சிலிலுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வரும் உணர்வு துவர்ப்பு. கொதிநீர்க் கோப்பையில் துவர்ப்பு தெளிவாக வந்து, அரை நிமிடத்தில் விலகி, பின்னால் லேசான இனிப்பு வந்தால் அது கேட்டச்சின் நிறைந்த, புதிய டீ. துவர்ப்பே இல்லாமல் வெறும் கசப்பும் மரத்தூள் சுவையும் வந்தால் முற்றிய இலை அல்லது பழைய இலை. மிதமான சூட்டுக் கோப்பையில் இனிப்பும் நிறைவும் வந்தால் தியனைன் நன்றாக இருக்கிறது. வெந்நீரைப் போல வெறுமையாக இருந்தால் இல்லை.

நிறம் வெளிர் பச்சை கலந்த மஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டும். செம்பழுப்பு தட்டினால் தயாரிப்பில் நொதியைச் சரியாக நிறுத்தவில்லை, அல்லது சேமிப்பில் கெட்டிருக்கிறது. வெகுநேரம் ஆவியில் வெந்த சென்சா கலங்கலாக இருப்பது மட்டும் விதிவிலக்கு. அதில் இலைத்துகள் மிதக்கிறது.

கடைசியாக, ஊறிய இலையைத் தட்டில் கொட்டி விரியுங்கள். எல்லாவற்றிலும் நேர்மையான சாட்சி இதுதான். அழுத்தினால் மெத்தென்று இருக்கும் முழுக் கொழுந்தும், இரண்டு இலையும் மொட்டும் ஒட்டியிருப்பதும் தெரிந்தால் பறித்தவர்களின் கைநேர்த்தி அதில் இருக்கிறது. தோல் போன்ற தடித்த இலை, குச்சி, ஓரம் சிவந்த துண்டுகள் வந்தால் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம்.

படி 7: இரும்புச் சோதனை

விரும்பினால் செய்யலாம், கட்டாயமில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையின் கால் துண்டைப் பொடித்து 50 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். ஒரே அளவில் ஊறவைத்த இரண்டு டீயிலும் இந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாலிஃபீனால் இரும்போடு சேர்ந்து ஊதா கலந்த கறுப்பாகும். அதிகம் கறுப்பது பாலிஃபீனால் மிகுந்தது. இ.ஜி.சி.ஜி.யை மட்டும் தனியே இது காட்டாது, துளசி கலந்த டீயில் துளசியின் பாலிஃபீனாலும் சேர்ந்து கறுக்கும். எனவே மணம் சேர்க்காத டீகளை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். சோதித்த டீயைக் கொட்டிவிட வேண்டும். இரும்பு மாத்திரை சிறு குழந்தைகளுக்கு ஆபத்தானது, எட்டாத இடத்தில் வையுங்கள்.

இந்தக் கறுப்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கீரையும் ராகிக் களியும் சாப்பிட்ட கையோடு கிரீன் டீ குடித்தால் வயிற்றுக்குள் நடப்பதும் இதே சேர்க்கைதான். தாவர உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வது அதனால் குறைகிறது. சைவ உணவுக்காரர்களும், இரத்தசோகை உள்ள பெண்களும், கர்ப்பிணிகளும் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை.

படி 8: மதிப்பெண் போடுங்கள்

நான் நூற்றுக்குப் போடும் முறை இது. புதுமைக்கு 40, அதாவது தேதி, மணம், இலை நிறம், கோப்பை நிறம் எல்லாம் சேர்த்து. கொழுந்தின் நேர்த்திக்கு 20, ஊறிய இலையைப் பார்த்துப் போட வேண்டியது. சுவைக்கு 30. சுவையை மட்டும் விரும்புபவர்கள் மிதமான சூட்டுக் கோப்பைக்கு 20, கொதிநீர்க் கோப்பைக்கு 10 என்று பிரிக்கலாம். கேட்டச்சின் வேண்டுபவர்கள் அதை அப்படியே திருப்பிப் போடலாம். மீதி 10 அட்டையின் நேர்மைக்கு: பறித்த இடம், பருவம், தேதி, அறிக்கை. புதுமையில் 25-க்குக் கீழே வாங்கிய டீ மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் என் கணக்கில் தேறாது. 75-க்கு மேல் வாங்கினால் தாராளமாகத் தினசரி டீயாக வைத்துக்கொள்ளலாம்.

படி 9: உடலுக்கு எவ்வளவு செய்கிறது என்று அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்

2 கிராம் இலை போட்ட ஒரு கோப்பையில் சுமார் 50 முதல் 100 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி. இறங்கும். அதில் இரத்தத்தில் சேர்வது மிகக் குறைந்த பங்குதான். பால் சேர்த்தால் பாலின் கேசின் புரதம் கேட்டச்சினைப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சை பிழிந்தால், செரிமானத்தைப் போலச் செய்துபார்த்த ஆய்வுக்கூடச் சோதனைகளில் கேட்டச்சின் சிதையாமல் நின்றது. எனவே எலுமிச்சைக்கு ஆதரவாக நான் பேசுவேன், ஆனால் தரம் பார்த்து முடித்த பிறகு.

ஜப்பானின் ஒசாகி பகுதியில் 40,530 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2006-ல் வெளியானது. நாளுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம், ஒன்றுக்கும் குறைவாகக் குடித்தவர்களை விட மொத்த இறப்பு ஆண்களில் 12 சதவீதமும் பெண்களில் 23 சதவீதமும் குறைவாக இருந்தது. பெரும்பாலும் இதய, இரத்தநாள நோய்களில்தான் அந்த வேறுபாடு தெரிந்தது. புற்றுநோய் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இது கவனித்துப் பார்த்த ஆய்வு. டீதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லாது. சோதனை முறையில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் கெட்ட கொழுப்பு சராசரியாக டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவுக்குக் குறைகிறது. மருந்துக்கு மாற்றாக வைக்கும் அளவு இல்லை. எடை குறைப்பைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012 தொகுப்பாய்வு, ஜப்பானுக்கு வெளியே நடந்த சோதனைகளில் குறைந்த எடை ஏறக்குறைய பூஜ்யம் என்கிறது. தொப்பைக்காகக் கிரீன் டீ வாங்குபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும் என்று அக்கறையோடு சொல்கிறேன். சர்க்கரை போட்ட பில்டர் காபிக்குப் பதிலாக இதைக் குடித்தால் சர்க்கரை குறையும், அந்த லாபம் உண்மையானது.

தீமை எங்கே தொடங்குகிறது என்பதும் தரம் பார்ப்பதில் சேர்ந்ததே. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது இது: இலையை ஊறவைத்துக் குடிப்பது பொதுவாகப் பாதுகாப்பானது, ஆனால் மாத்திரை வடிவில் நாளுக்கு 800 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி. அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்தன. வெறும் வயிற்றில் விழுங்கினால் இரத்தத்தில் ஏறும் அளவு இன்னும் கூடும். ஜிம்களில் கையில் கொடுக்கப்படும் கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் மாத்திரைகளை மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் எல்லா வழியிலும் சேர்த்து நாளுக்கு 200 மில்லிகிராம் கஃபைனைத் தாண்டக் கூடாது. நாடோலால் என்ற இரத்த அழுத்த மருந்து கிரீன் டீயோடு சேர்ந்தால் உடலில் ஏறுவது வெகுவாகக் குறைகிறது. தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரோடு மட்டும் எடுக்க வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் மாட்சாவுக்கு மாறும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாட்சாவில் இலையையே விழுங்குகிறோம், அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும் வைட்டமின் கே முழுவதும் உள்ளே போகிறது. 65 டிகிரிக்கு மேல் சூடாக எந்தப் பானத்தையும் வழக்கமாகக் குடிப்பது உணவுக்குழாய்க்கு நல்லதல்ல. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் அதைப் புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகும் பட்டியலில் சேர்த்தது.

கோலார், சிக்பள்ளாபூர் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது பல காலமாகத் தெரிந்தது. தேயிலைச் செடியும் மண்ணிலிருந்து ஃப்ளூரைடை உறிஞ்சி இலையில் சேர்க்கும், இலை முற்ற முற்ற அது கூடும். அப்படிப்பட்ட தண்ணீரில் மலிவான முற்றிய இலையை நாளுக்கு ஐந்தாறு கோப்பை குடிப்பது இரட்டைச் சுமை. அங்கே இளங்கொழுந்தும் ஆர்.ஓ. தண்ணீரும் அவசியம்.

படி 10: வாங்கியதைக் கெடாமல் வையுங்கள்

வெளிச்சம், சூடு, ஈரம், காற்று, அடுக்களை மணம் ஆகிய ஐந்தும் கிரீன் டீக்கு எதிரி. கண்ணாடி ஜாடியில் போட்டு அடுப்பு மேடையில் அழகாக அடுக்கி வைப்பது மோசமான வழி. ஒளி புகாத, காற்று புகாத டப்பா எடுங்கள், மசாலாப் பெட்டிக்கு அருகே வைக்காதீர்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூர்க் காற்றில் ஈரம் அதிகம், அப்போது டப்பாவை அடிக்கடி திறக்காமல் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிரிக்காத பொதியை ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை பல மணி நேரம் விட வேண்டும், இல்லாவிட்டால் இலையில் நீர் வேர்த்துவிடும். பிரித்த பொதியை இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள். ஒருவர் நாளுக்கு இரண்டு கோப்பை குடித்தால் 100 கிராம் 25 நாளில் தீரும். ஆகவே தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் தனியாள் 100 கிராமுக்கு மேல் ஒரே நேரத்தில் வாங்க வேண்டியதில்லை.